ஒற்றைக் கை ரசாயன சாஸ்திரி



இன்று மத்தியானம் சாப்பிட உட்காரும்போது, குழம்பு ஊற்றுவதற்கு முன் ஒரு கவளம் வெறுஞ்சோற்றை வாயில் இட்டு, விழுங்காமல் நிதானமாக மென்றுகொண்டே இருங்கள். இரண்டொரு நிமிஷத்தில் நாக்கில் மெல்லத் தித்திப்புத் தட்டும். சோற்றில் யாரும் சர்க்கரை போடவில்லை. உங்கள் உமிழ்நீரில் உள்ள ஒரு வஸ்து சோற்றின் மாவுச் சத்தைத் துண்டு துண்டாக அறுத்துச் சர்க்கரையாக்கத் தொடங்கிவிட்டது. இதே காரியத்தைப் பரிசோதனைச் சாலையில் நொதியின்றிச் செய்ய வேண்டுமானால், மாவுடன் அமிலம் சேர்த்து அடுப்பில் வைத்துக் கொதிக்கக் காய்ச்ச வேண்டும். உங்கள் வாயிலோ அடுப்பும் இல்லை, அமிலமும் இல்லை. உடம்பின் இளஞ்சூட்டிலேயே வேலை நடந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட வஸ்துக்களுக்கு நொதி என்று பெயர். வைத்தியர்கள் என்ஸைம் என்பார்கள். நம் சரீரத்தில் ஆயிரக்கணக்கான வகை நொதிகள் உண்டு. உண்ட உணவு செரிப்பதும், மூச்சில் வாங்கிய பிராணவாயு செலவாவதும், காயம்பட்டால் ரத்தம் உறைவதும், குழந்தையின் எலும்பு வளர்வதும் நொதிகள் இல்லாமல் நடவா. மாட்டுக்கும் மரத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கும் கதை இதுவே. அவை ஜீவராசிகளின் வினையூக்கிகள்.

வினையூக்கி என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். ஊரில் கலியாணத் தரகர் இருக்கிறார் அல்லவா? பெண் வீட்டையும் பிள்ளை வீட்டையும் அறிந்தவர் அவர். அவர் இல்லாவிட்டாலும் அந்தச் சம்பந்தம் என்றாவது கூடிவரலாம். அதற்குப் பத்து வருஷமும் ஆகலாம். அவர் நடுவில் வந்து இரு வீட்டாரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தால் பேச்சு ஒரு வாரத்தில் முடிந்துவிடுகிறது. கோவிலில் மந்திரிப்பு ஆனதும் பெண்ணும் பிள்ளையும் புது வாழ்க்கைக்குப் போய்விடுகிறார்கள். தரகர் மட்டும் வந்தபடியே குடையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடக்கிறார். நொதியின் வேலையும் இதுதான். இரண்டு பொருள்களைச் சரியான முறையில் அருகருகே கொண்டுவருகிறது, அல்லது ஒரு பொருளைப் பிடித்து அதன் கட்டைத் தளர்த்துகிறது. மலையைத் தாண்ட வேண்டியவனை உச்சிவரை ஏறவிடாமல் ஒரு கணவாய் வழியே அழைத்துச் செல்வதைப் போல, வினைக்கு எளிய பாதை ஒன்றைத் திறந்துவிடுகிறது. வேலை முடிந்ததும் தான் சிறிதும் செலவாகாமல் அடுத்ததைத் தேடுகிறது. இயலாத வினையை அது நடத்திவிடாது. நடக்கக்கூடியதை விரைவாக நடத்தும், அவ்வளவே. ஒவ்வொரு நொதிக்கும் தனித் தனிக் காரியம் உண்டு. பூட்டும் சாவியும் போல இவை பொருந்துகின்றன என்று ஜெர்மானிய அறிஞர் எமில் ஃபிஷர் 1894-ல் விளக்கினார்.

செலவாகாமல் திரும்பத் திரும்ப உழைப்பதனால், ஒரு வேலைக்கு நொதி மிக மிகக் கொஞ்சமாக இருந்தாலே போதும். இந்தக் குணத்தை மட்டும் மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மகா அறிஞரை இடறச் செய்தது இதுவே.

ஆனால் இந்த நொதி எதனால் ஆனது? சுமார் நூறு வருஷங்களுக்கு முன்வரை இதற்கு நிச்சயமான விடை யாருக்கும் தெரியாது. விடை கண்டவர் ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்கர். அவருக்கு இடது முன்கை கிடையாது.

1887-ம் வருஷம் நவம்பர் மாதம் 19-ந் தேதி மாசசூஸெட்ஸ் மாகாணத்தில் காண்டன் என்ற ஊரில் சம்னர் பிறந்தார். முன்னோர் பல தலைமுறைகளுக்கு முன் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். நிலபுலம் உள்ள வசதியான குடும்பம். பள்ளிக்கூடத்தில் பௌதிகமும் ரசாயனமும் தவிர மற்றப் பாடமெல்லாம் அவருக்குச் சலிப்பூட்டின. துப்பாக்கி என்றால் உயிர். காடு மேடெல்லாம் பறவை வேட்டைக்குப் போவார்.

அந்தத் துப்பாக்கியே அவருக்கு எமனாக வந்தது. பதினேழு வயதில் வேட்டைக்குப் போனபோது, கூடவந்த தோழனின் குண்டு தவறுதலாக அவர் இடது கையில் பாய்ந்தது. முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட வேண்டியதாயிற்று. சம்னர் பிறவியிலேயே இடது கைப் பழக்கம் உள்ளவர். எழுதுவதும் எறிவதும் பிடிப்பதும் எல்லாம் அந்தக் கைதான். நம் வீட்டுப் பிள்ளை ஒருவனுக்கு அந்த வயதில் அப்படி நேர்ந்தால் நாம் என்ன செய்வோம்? மூலையில் உட்கார வைத்துப் பரிதாபப்படுவோம். சம்னர் மூலையில் உட்காரவில்லை. வலது கையால் எழுதப் பழகினார். டென்னிஸ் ஆடினார். பனியில் சறுக்கினார். துப்பாக்கியையும் விட்டுவிடாமல், ஆகாயத்தில் வீசிய களிமண் தட்டுகளைக் குறிதவறாமல் சுட்டார். இரு கையுள்ளவர்களோடு போட்டியிட்டே இவற்றையெல்லாம் செய்தார். டென்னிஸ் பல வருஷங்கள் அவருக்கு முக்கியப் பொழுதுபோக்காக இருந்தது.

ஹார்வர்டு சர்வகலாசாலையில் ரசாயனம் படித்து 1910-ல் பட்டம் பெற்றார். சிற்றப்பாவோ பெரியப்பாவோ, குடும்பத்து உறவினர் ஒருவரின் பஞ்சாலையில் சில மாதம் வேலை பார்த்தார், பிடிக்கவில்லை. கனடாவில் ஒரு கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் நடத்தினார். 1912-ல் ஹார்வர்டு வைத்தியக் கலாசாலைக்குத் திரும்பி, ஜீவ ரசாயனத்தில் பேர்பெற்ற ஓட்டோ ஃபோலின் என்ற பேராசிரியரிடம் சேர விரும்பினார்.

ஃபோலின் பையனைப் பார்த்தார். இல்லாத கையையும் பார்த்தார். ஒரு கையுள்ளவன் ரசாயனத்தில் ஒருபோதும் முன்னுக்கு வரமுடியாது, சட்டம் படிக்கப் போவதே நல்லது என்று புத்தி சொன்னார். ஃபோலினைக் கொடியவர் என்று எண்ணிவிடாதீர்கள். ரசாயனப் பரிசோதனைச் சாலையில் ஒரு கை கண்ணாடிக் குழாயின் திருகைத் திறக்க வேண்டும். மற்றக் கை கீழே குடுவையைச் சுழற்ற வேண்டும். வடிகட்டுவதும் ஊற்றுவதும் அளப்பதும் எல்லாம் இரு கை வேலை. அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நல்லெண்ணத்தோடு சொல்லும் தவறான புத்திமதியை மறுப்பதுதான் கஷ்டம். சம்னர் மறுத்தார். ஃபோலினும் பிடிவாதம் பிடிக்காமல் சேர்த்துக்கொண்டார். 1914-ல் சம்னர் டாக்டர் பட்டம் பெற்றார்; உடம்பில் யூரியா என்ற வஸ்து எப்படி உண்டாகிறது என்பதே அவர் ஆராய்ச்சி. இந்த யூரியா பின்னால் அவரை விடவேயில்லை.

பட்டம் பெற்ற கையோடு உறவினருடன் ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருந்தபோது, கார்னெல் சர்வகலாசாலை வைத்தியப் பகுதியில் உதவிப் பேராசிரியர் வேலை இருப்பதாக ஸ்விட்ஸர்லாந்தில் அவருக்குச் செய்தி வந்தது. அதே சமயம் முதல் உலக யுத்தம் மூண்டுவிட்டது. திரும்பிவர ஒரு மாதத்துக்கு மேல் தாமதமாயிற்று. எப்படியோ நியூயார்க் மாகாணத்தின் இதாக்கா நகரம் வந்து சேர்ந்தார். தம் ஆயுளின் உத்தியோக காலம் முழுவதையும் அங்கேயே கழித்தார்.

இதாக்காவில் பாடவேளை அதிகம். ஆராய்ச்சிக்கு நேரம் குறைவு, கருவிகள் குறைவு, பணம் அதைவிடக் குறைவு. இத்தகைய நிலையில் உள்ளவர்கள் சிறிய காரியங்களைச் செய்து திருப்தியடைவது வழக்கம். சம்னர் தலைகீழாக யோசித்தார். கொஞ்சமே நேரம் இருக்கிறதென்றால் அதைப் பெரியதொன்றில்தான் செலவிட வேண்டும் என்று 1917-ல் தீர்மானித்தார். எவரும் அதுவரை செய்யாத ஒன்றை, அதாவது ஒரு நொதியைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பதை, அவர் கையில் எடுத்தார். ஒரு கையில் என்று சொல்ல வேண்டும்.

அக்காலத்தில் நொதியைப் பற்றி அறிஞர்களிடையே என்ன நினைப்பு இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சர்க்கரைத் தண்ணீரைச் சாராயமாக நுரைக்கச் செய்வது உயிருள்ள ஈஸ்ட் தான், உயிர் இல்லாமல் அது நடவாது என்று லூயி பாஸ்டர் கருதினார். 1897-ல் எட்வர்ட் பூக்னர் என்ற ஜெர்மானியர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, உயிரற்ற சாற்றை மட்டும் எடுத்து, அதில் சர்க்கரை கலந்தார். சாறு நுரைத்தது! உயிர் போன பிறகும் உயிரின் வேலை நடந்தது. ஆதலால் அந்தச் சாற்றில் ஏதோ ஒரு ரசாயன வஸ்து இருக்கிறது என்பது உறுதியாயிற்று. பூக்னருக்கு 1907-ல் நோபெல் பரிசு கிடைத்தது. பாவம், 1917-ல் யுத்தத்தில் ருமேனியாவில் அடிபட்டு இறந்தார்.

ஏதோ ஒரு வஸ்து. சரி, எந்த வஸ்து? இதற்குப் பதில் சொல்ல முன்வந்தவர் மியூனிக் நகரத்து ரிச்சர்ட் வில்ஷ்டேட்டர். இலைகளின் பச்சை நிறத்தை ஆராய்ந்து 1915-ல் நோபெல் பரிசு பெற்றவர். அக்காலத்து ரசாயன சாஸ்திரிகளில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர். அவர் நொதிகளைச் சுத்தம் செய்துகொண்டே போனார். முடிவில் அவர் வைத்திருந்த திரவம் நொதியின் வேலையைத் திறமையாகச் செய்தது. ஆனால் அதில் புரதம் இருக்கிறதா என்று சோதித்தால் இல்லை. மாவுச் சத்து இல்லை, கொழுப்பும் இல்லை. எனவே நொதி என்பது இவற்றில் எதிலும் சேராத புது வகைப் பொருள் என்று அவர் முடிவு கட்டினார். உலகம் தலையாட்டியது.

நீங்கள் மறவாமல் வைத்திருந்த அந்தக் குணத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். நொதி செலவாவதில்லை, அதன் ஒரே ஒரு மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கில் வேலை செய்யக்கூடியது. ஆகவே, இம்மியளவு மிஞ்சியிருந்தாலும் வேலை பிரமாதமாக நடக்கும். ஆனால் அந்த இம்மி புரதச் சோதனையில் நிறம் காட்டப் போதாது. வில்ஷ்டேட்டரின் திரவத்தில் புரதம் இருந்தது. அவர் சோதனையின் கண்ணுக்குத்தான் அது தெரியவில்லை. ஊர் முழுவதையும் ஒரே தரகர் சுற்றி வந்து கலியாணம் முடித்தால், அடுத்த வீட்டுக்குப் போய்விட்ட அவரைக் காணாமல், இந்த ஊரில் தரகரே இல்லை என்று சொல்வதைப் போன்றதுதான் இது.

சம்னர் வேறு வழியில் போனார். நொதி கொஞ்சமாக இருக்கும் இடத்தில் தேடினால் அகப்படாது, குவிந்து கிடக்கும் இடத்தில் தேட வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். அவர் தேர்ந்துகொண்டது யூரியேஸ் என்ற நொதி. யூரியாவை அமோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைப்பது அதன் வேலை. மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறதே, அது கிருமிகளில் உள்ள இந்த யூரியேஸ் மாட்டு மூத்திரத்து யூரியாவை உடைப்பதால் எழும் அமோனியாதான். இதன் வேலையை அளப்பது சுலபம்; யூரியாவை அளந்து அளந்து சம்னருக்குப் பழகியும் இருந்தது. ஒருவகை அவரை விதையில் யூரியேஸ் ஏராளமாக இருப்பதும் அப்போது தெரிய வந்திருந்தது. அமெரிக்கர் அதை ஜாக் அவரை என்பார்கள். நம்முடைய வேலிகளில் படரும் தம்பட்டங்காய்க் கொடிக்கு நெருங்கிய சாதி அது. அந்த விதைமாவைச் சிறிதளவு போட்டாலும் யூரியா மளமளவென்று உடைவதைக் கண்ட சம்னர், இதற்குள் நொதி வெறும் இம்மியாக இருக்க முடியாது, எடுத்து நிறுத்துப் பார்க்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்.

கணக்கு சரி, காரியம் எளிதாக இல்லை. ஒன்பது வருஷம் பிடித்தது. விதைமாவைத் தண்ணீரில் கரைப்பார், சாராயத்தில் கரைப்பார், கிளிஸரினில் கரைப்பார், வடிகட்டுவார், குளிர வைப்பார், படிவதையும் படியாததையும் சோதிப்பார். வழியில் அதே விதையிலிருந்து வேறு சில புரதங்கள் அவருக்குச் சுத்தமாகக் கிடைத்தன. யூரியேஸ் மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. குளிர வைக்கப் பரிசோதனைச் சாலையில் ஐஸ் பெட்டி கிடையாது. சாராயக் கரைசல் நிறைந்த கண்ணாடி ஜாடிகளை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டு, இன்றிரவு நன்றாகக் குளிர வேண்டுமே என்று வேண்டிக்கொள்வார்களாம். பிற்காலத்தில் நோபெல் பரிசு மேடையில் நின்று பேசும்போது இதை அவரே நினைவுகூர்ந்தார். நம்மில் மழைக்கும் வெயிலுக்கும் வேண்டிக்கொண்டவர்கள் அநேகர். ரசாயனம் படியக் குளிரை வேண்டிக்கொண்டவர்கள் சிலரே இருப்பர்.

இடையில் 1921-ல் அவருக்கு ஒரு உபகாரச் சம்பளம் கிடைத்தது. பெல்ஜியம் போய், நொதிகளைப் பற்றி நூல் எழுதிய ழான் எஃப்ரோன் என்பவரிடம் வேலை செய்ய ஆசைப்பட்டு எழுதினார். யூரியேஸைப் பிரித்தெடுப்பதாவது என்று அவர் அதை நகைப்புக்கிடமாக எண்ணியதால் பயணம் நின்றுபோயிற்று. இதாக்காவில் இருந்த நண்பர்களிலும் சிலர், கிடைக்காததைத் தேடுகிறாய், விட்டுவிடு என்றார்கள். முதலில் ஒரு கை போதாது என்றார்கள். இப்போது காரியமே ஆகாது என்றார்கள். அந்த ஒன்பது வருஷமும் பாடம் நடத்தும் வேலை மட்டும் குறையவில்லை.

1926-ல் சாராயத்துக்குப் பதிலாக அஸிட்டோன் என்ற திரவத்தை முயன்று பார்த்தார். நகப்பூச்சை அழிக்கப் பெண்கள் உபயோகிக்கும் திரவம்தான் அது. நூற்றுக்கு முப்பத்திரண்டு பங்கு அஸிட்டோன் கலந்த தண்ணீரில் விதைமாவைக் கலக்கி, குளிரில் வடிகட்ட வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை வந்து பார்த்தால் கொஞ்சம் திரவமே வடிந்திருந்தது. அதில் ஒரு துளியை எடுத்து நுண்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வைத்தார். குட்டிக் குட்டிப் படிகங்கள்! இதற்குமுன் எந்த அவரை விதையிலிருந்தும் அவர் கண்டிராத உருவம். எட்டு முகமுள்ள சின்னஞ்சிறு கற்கண்டுத் துண்டுகள்.

கற்கண்டை நினைத்துக்கொண்டால் அவர் ஏன் மகிழ்ந்தார் என்பது புரியும். சர்க்கரைப் பாகில் அழுக்கு எவ்வளவு இருந்தாலும், கற்கண்டு கட்டும்போது சர்க்கரை மட்டுமே ஒழுங்காக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு அழுக்கை வெளியே தள்ளிவிடும். படிகமாகிறது என்றால் அநேகமாகச் சுத்தமான ஒரே பொருள் என்று அர்த்தம். சம்னர் அந்தப் படிகங்களைச் சுழற்றிப் பிரித்துத் தண்ணீரில் கரைத்தார். புரதச் சோதனை செய்தார், புரதம் என்றது. யூரியாவோடு சேர்த்தார், அதற்குமுன் அவர் கண்டிராத வேகத்தில் யூரியா உடைந்தது. உடனே டெலிபோன் அருகே போய்த் தம் மனைவியைக் கூப்பிட்டு, முதன்முதலாக ஒரு நொதியைப் படிகமாக்கிவிட்டேன் என்று சொன்னார். அந்தப் பெரிய சேதி உலகத்துக்கு முன் வீட்டுக்குப் போனது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

உலகமோ நம்பவில்லை. அவ்வருஷமே சம்னர் தம் கண்டுபிடிப்பை ஓர் அமெரிக்க ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியிட்டார். ஜெர்மனியில் வில்ஷ்டேட்டரும் அவர் மாணவர்களும் அதை ஒப்பவில்லை. படிகத்தில் இருப்பது புரதம்தான், ஆனால் அது வெறும் சுமைதாங்கி. உண்மையான நொதி அதன்மேல் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார்கள். துணியில் மணப்பது துணியல்ல, அதில் ஒட்டிய சந்தனமே என்று சொல்வதைப்போல. இந்த எதிர்ப்பு முட்டாள்தனமானதல்ல. நியாயமாகவே விடை தேவைப்பட்ட கேள்வி. சம்னர் சண்டைக்காரர், விடவில்லை. படிகத்தைக் கரைத்து மீண்டும் படிகமாக்கினார். சக்தி படிகத்தோடேயே வந்தது. புரதத்தை எது கெடுத்ததோ அது யூரியேஸின் சக்தியையும் கெடுத்தது. முட்டையின் வெள்ளைக் கரு சூட்டில் திரண்டு வெளுத்துப்போவது புரதம் குலைவதால். அதே சூட்டில் நொதியும் வேலையிழக்கிறது. வருஷக்கணக்கில் கட்டுரைமேல் கட்டுரையாக எழுதிப் பதில் சொன்னார்.

ஆயினும் தனி ஒருவரின் சொல் எடுபடவில்லை. 1930-ல் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தின் பிரின்ஸ்டன் கிளையில் ஜான் நார்த்ராப் என்பவர் பெப்ஸின் என்ற நொதியைப் படிகமாக்கினார். நம் இரைப்பையில் இறைச்சியும் பருப்பும் கரைவது இந்தப் பெப்ஸினால்தான். அதுவும் புரதமே. அதன்பின் அதே நிலையத்தில் மேலும் சில நொதிகள் படிகமாயின. எல்லாம் புரதம்! ஒவ்வொன்றாக எதிர்ப்புகள் அடங்கின.

வில்ஷ்டேட்டரைத் தோற்றவர் என்று மட்டும் எண்ணி விட்டுவிட மனம் வரவில்லை. அவர் யூதர். தம் சர்வகலாசாலையில் யூதர் என்பதற்காகத் தகுதியுள்ளவர்களுக்கு வேலை மறுக்கப்பட்டதைக் கண்டு, 1924-லேயே தம் பேராசிரியர் பதவியைத் துறந்தவர். 1939-ல் நாஜிகளிடமிருந்து தப்பி ஸ்விட்ஸர்லாந்து போய், 1942-ல் அங்கேயே காலமானார். நொதி விஷயத்தில் அவர் செய்த தவறும் சோம்பலால் வந்ததல்ல. அளவுக்கு மீறிச் சுத்தம் செய்ததால் வந்தது.

1929-ல் சம்னர் பேராசிரியரானார். 1937-ல் சக ஆராய்ச்சியாளர் ஒருவருடன் சேர்ந்து மாட்டு ஈரலிலிருந்து கேட்டலேஸ் என்ற மற்றொரு நொதியையும் படிகமாக்கினார். அதையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் புண்ணின்மேல் ஹைட்ரஜன் பெராக்ஸைடு மருந்தை ஊற்றும்போது வெள்ளையாகப் பொங்குகிறது அல்லவா? நம் ரத்தத்திலும் சதையிலும் உள்ள கேட்டலேஸ் அந்த மருந்தைத் தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் பிரிப்பதால் வரும் பொங்கல் அது. அந்த மருந்து நம் உடம்புக்குள் தானாகவும் சிறிது சிறிதாக உற்பத்தியாகிறது, தேங்கிவிட்டால் நஞ்சு. கேட்டலேஸின் ஒரு மூலக்கூறு ஒரே நொடியில் லட்சக்கணக்கில் அதை உடைத்தெறிகிறது.

1946-ம் வருஷத்து ரசாயன நோபெல் பரிசில் பாதி சம்னருக்கு வழங்கப்பட்டது. மறு பாதியை நார்த்ராப்பும், புகையிலைச் செடியின் வைரஸைப் படிகமாக்கிய வெண்டெல் ஸ்டான்லியும் பகிர்ந்துகொண்டனர். ஜன்னல் விளிம்பில் ஜாடி வைத்த நாளிலிருந்து இருபது வருஷம் கடந்திருந்தது. அடுத்த வருஷம் கார்னெலில் நொதிகளுக்கென்றே ஒரு பரிசோதனைச் சாலை ஏற்பட்டது. அதற்கு அவர் தலைவரானார்.

1955-ல் ஓய்வு பெற்று பிரேஸில் தேசத்து வைத்தியக் கலாசாலை ஒன்றில் நொதி ஆராய்ச்சியை ஏற்படுத்திக் கொடுக்கப் போவதாக இருந்தார். அதற்குள் புற்றுநோய் கண்டது. அவ்வருஷம் ஆகஸ்டு 12-ந் தேதி பஃபலோ நகரில் காலமானார்.

அவர் கண்ட முடிவில் ஒரு சிறு திருத்தம் பின்னால் தேவைப்பட்டது. புரதமல்லாத வேறொரு ஜீவப் பொருளும், ஆர்.என்.ஏ. என்பது, சில இடங்களில் நொதிபோல் வேலை செய்வதை 1980-களில் கண்டார்கள். மற்றபடி நாம் அறிந்த நொதிகளில் மிகப் பெரும்பாலானவை, சம்னர் சொன்னபடியே, புரதங்கள்தாம்.

அந்த அவரை விதை நொதிக்குள் இன்னும் இரகசியங்கள் இருந்தன. 1975-ல் ஆஸ்திரேலிய அறிஞர்கள் அதற்குள் நிக்கல் என்ற உலோகம் இருப்பதைக் கண்டார்கள். ஒரு நொதியில் நிக்கல் அகப்பட்டது அதுவே முதல் தடவை. யூரியா வந்து உட்காரும் குழியில் இரண்டு நிக்கல் அணுக்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. பிடித்த பிடியில் கட்டுத் தளர்ந்து, தண்ணீர் வந்து தாக்கி, யூரியா உடைகிறது. எஃப்ரோன் நகைத்த காலத்தில் இதை யார் கனவு கண்டிருப்பார்கள்?

அதன் முழு உருவம், எந்த அணு எந்த இடத்தில் என்ற படம், அதற்குப் பின்னும் வெகுநாள் கிடைக்கவில்லை. 2010-ல் அதை வரைந்து வெளியிட்டவர்கள் இருவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் படிகங்களை ஆராயும் துறையைச் சேர்ந்தவர்கள். ஜாக் அவரை விதையிலிருந்து, சம்னரைப்போலவே, யூரியேஸைப் பிரித்துப் படிகமாக்கி, அதன்மேல் எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்திக் கணக்கிட்டார்கள். ஒரே மாதிரியான ஆறு புரதச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் 840 கண்ணிகள். ஒவ்வொன்றின் குழியிலும் இரண்டு நிக்கல் அணுக்கள்.